மிதந்த மீன்

தூண்டிலில் சிக்கிய புலிமீனை வெள்ளைக்காரர் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் மனைவி படம் எடுத்தாள். கண்ணை மூடிவிட்டாராம், இன்னொரு படம். பிறகு அவள் மீனை வாங்கிக்கொள்ள, அவர் எடுத்தார். மீனின் வாய் காற்றை மென்றுகொண்டே இருந்தது.

காவல் படகில் இருந்த நமகாவுக்குக் கை பரபரத்தது. "சீக்கிரம் தண்ணியில விடச் சொல்லுங்கண்ணே."

"விருந்தாளிம்மா. நாம போய் அதட்ட முடியுமா?" என்றார் உடன் காவலிருந்த முஹாவ்.

ஜாம்பேசி ஆற்றின் இந்தக் கிளையில் ஊர்க்காரர் யாரும் மீன் எடுக்கக் கூடாது. சுற்றுலா வரும் விருந்தினர் பணம் கட்டித் தூண்டில் போடலாம், பிடித்ததை உயிரோடு விட்டுவிட வேண்டும். ஆற்றில் மீன் பெருக ஊர்க் குழு போட்ட கட்டுப்பாடு இது. மீன் பெருகவும் செய்தது. ஆனால் திருட்டு வலை போட்டவர்கள் எல்லாம், "செத்து மிதந்துச்சு, எடுத்தேன்" என்றே சாதித்தார்கள். கூட்டத்தில் எழுந்து, "மிதந்த மீனும் பிடிச்ச மீன்தான்னு வைங்க. ஓடத்துல மீன் இருந்தா ஓடத்தை அறுத்துப் போடுங்க" என்று சொன்னவள் நமகாவ்தான். எல்லோரும் கைதட்டினார்கள். போன பருவத்தில் கணவனின் சித்தப்பா மகன் முத்தோங்காவின் ஓடத்தை அவளே ரம்பம் பிடித்து அறுத்தாள். மிதந்த மீன்தான் என்று அவன் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை.

வெள்ளைக்காரர் மீனை விட்டார். அது வாலை அசைத்து ஆழத்துக்குப் போனது.

சற்று நேரம் கழித்து, ஆற்று வளைவுக்குக் கீழே நமகாவ் அதே மீனைப் பார்த்தாள். வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. எதிரே வந்த ஓடத்தில் இருந்தவன் குனிந்து அதை அள்ளினான். அவள் கணவன் சித்வாலா.

"நலுகுயி அம்மா!" என்று மகள் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டான். "உன் விருந்தாளி கொஞ்சியே கொன்னுட்டான் போல. ராத்திரிக்குக் குழம்பு ஆச்சு!"

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏன் எடுத்தீங்க?" என்றாள் அவள்.

"முதலைக்கு விடச் சொல்றியா? செத்ததுன்னு நீயே பார்த்தல்ல? உன்னைவிடப் பெரிய சாட்சி யாரு?"

"பார்த்தேன். முத்தோங்கா தம்பி எடுத்ததும் இப்படிச் செத்ததாத்தான் இருந்திருக்கும்."

சித்வாலாவின் சிரிப்பு நின்றது. "திருப்பிப் போட்டுடறேன்," என்றான் மெல்ல.

"போடுங்க, போடுங்க!" என்று கரையிலிருந்து கத்தினாள் முத்தோங்காவின் மனைவி. "எங்க வீட்டுக்காரர் அதையே சொன்னப்போ மட்டும் உங்க மகாராணிக்குக் காது அடைச்சுப் போச்சு!"

முஹாவ் தொண்டையைச் செருமினார். "கூட்டம் போட்டு விதியை மாத்திக்கலாம், தங்கச்சி."

"மாத்தணும்ணே. விருந்தாளி மீனை எவ்வளவு நேரம் தூக்கி வெச்சிருக்கலாம்னும் சேர்த்துப் பேசணும். ஆனா இன்னிக்கு இவரை விட்டா, நாளைக்கு எவன் வலைமேல நான் கை வெக்க முடியும்?"

அந்த ஓடத்தில்தான் சித்வாலா அவளைக் கல்யாணம் முடித்து அழைத்து வந்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆறு தாண்டிக் கொண்டுவிடுவதும், காவல் இல்லாத நீரில் மீன் பிடித்து வீட்டை நடத்துவதும் அதில்தான்.

படகுத்துறையில் கூட்டம் கூடிவிட்டது. நமகாவ் ரம்பத்தை எடுத்தாள்.

"குடு," என்றான் சித்வாலா. "நீ அறுத்தா என்னிக்காவது ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டிடுவேன்."

அவனே அறுத்தான். வைரம் பாய்ந்த மரம், எளிதில் விடவில்லை. நடுவில் ஒருமுறை நின்று முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் ஓடம் இரண்டாய்ப் பிளந்து சேற்றில் சாய்ந்தபோது யாரும் கைதட்டவில்லை.

வீடு அக்கரையில் இருந்தது. காவல் படகில் காவலரைத் தவிர யாரும் ஏறக் கூடாது. அவள் வாயைத் திறப்பதற்குள், "நீ வேலையைப் பாரு. நான் யாரையாவது கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

துறையில் ஓடங்களுக்குக் குறைவில்லை. அவன் கேட்ட ஒவ்வொருவருக்கும் வேறு திசையில் வேலை இருந்தது.