மக்பூல் பாயின் பாஸ்வேர்டு

எங்கள் ஆபீசில் ஜெமியைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். வேலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஆம்பூருக்குத் தினமும் ரயிலில் வரும் பெண். ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. ஆபீசில் ஒன்பது பேர், ஒரு சர்வர். அந்தச் சர்வரைத் தொடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். நான் தேவசகாயம், ஷிப்பிங் பார்க்கிறேன். அவள் மேஜைக்கு எதிர் மேஜை என்பதால் எனக்குப் பயம் ஜாஸ்தி.

2006 வரை மொத்த ஆபீசுக்கும் ஒரே மெயில் பெட்டி. யார் வேண்டுமானாலும் திறப்போம், பதில் போடுவோம். ஒரு ஜெர்மன்காரருக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் போட்டுத் தொலைக்க, முதலாளி நயீம் அகமது கொதித்துப் போனார்.

"ஆளுக்கொரு மெயில், எல்லாருக்கும் ஒரே காலண்டர். செலவில்லாம முடியும்னா செய் ஜெமி. முடிலன்னா சென்னைலேர்ந்து ஒருத்தன் வர்றேன்றான், சர்வரையும் அவனே பாத்துக்குவானாம்."

அவனே பார்த்துக்கொண்டால் ஜெமிக்கு வேலை கிடையாது. அது எல்லோருக்குமே புரிந்தது.

அன்றிலிருந்து அவள் ஒரு நிலையில் இல்லை. மெயிலும் காலண்டரும் சேர்ந்தே வரும் குரூப்வேர் என்ற சாப்ட்வேர்களில் இலவசமாகக் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினாள், இறக்கினாள், டீ ஆறிப் போவது தெரியாமல் திட்டினாள். கடைசியில் இரண்டு தேறின. ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது. இன்னொன்று அழுது வடிந்தது. ஆனால் அதில் ஒருவர் பெட்டியை, பாஸ்வேர்டு சொல்லாமலே, இன்னொருவர் பார்த்துப் பதில் போட அனுமதி கொடுக்கலாமாம்.

"ஒருத்தர் மெயில இன்னொருத்தர் எதுக்குப் பாக்கணும்?" என்று லட்சணமானதையே எடுத்தாள். பாஸ்வேர்டை வெளியே சொன்னால் பெட்டியை மூடிவிடுவேன் என்று மிரட்டல் வேறு.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் பாய்மார்கள் ஜும்மாவுக்குப் போனால் அவர்கள் சீட்டில் நாங்கள் உட்கார்ந்து வேலையைப் பார்ப்போம். புனித வெள்ளிக்கு எங்கள் சீட்டில் அவர்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. இந்த வழக்கத்தை விட்டுவிட எங்களால் முடியுமா?

முதல் வெள்ளிக்கிழமையே சோதனை வந்தது. இத்தாலியிலிருந்து போன். எங்கள் ஆபீசில் ஆர்டர் பார்க்கும் மக்பூல் பாய்க்கு மெயில் போட்டிருக்கிறார்களாம், சரக்கு எந்தக் கப்பலில் ஏறும் என்று அரை மணியில் பதில் வராவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும். அவர் மெயிலிலிருந்தே வர வேண்டுமாம், போனில் சொன்னால் செல்லாதாம். மக்பூல் பாய் பள்ளிவாசலில் இருந்தார், மொபைல் அணைந்திருந்தது. ஜெமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீயே பாஸ்வேர்ட மாத்தித் திறக்கலாம் இல்ல?" என்றேன்.

"நானே உடைச்சா அப்புறம் யாருண்ணா நம்புவாங்க?"

நான் வாய் திறப்பதற்குள் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினாள். வாசலுக்கு எதிரே வெயிலில் நின்று, வெளியே வருகிறவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. மக்பூல் பாய் சொன்ன பாஸ்வேர்டை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்தாள். பதில் ஏற்கெனவே போயிருந்தது.

மெல்ல என் பக்கம் திரும்பினாள். "நீங்களா?"

"ஆமாம்மா."

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"எல்லாருக்குமே. மொத நாளே ஒருத்தர் பாஸ்வேர்ட ஒருத்தருக்குச் சொல்லிக்கினோம்."

"என்கிட்ட மட்டும் சொல்லல."

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. நேராக முதலாளி அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"தப்பானத எடுத்துட்டேன் சார். மாத்தணும்."

"ஆர்டர் வந்திருச்சே, அப்புறம் இன்னா?"

"அவங்க என்னை ஏமாத்துனதால வந்துச்சு சார்."

முதலாளி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு, "அடுத்த வெள்ளி வரைக்கும் டைம். அதுக்கு மேல சென்னைக்காரன்தான்" என்றார்.

வியாழக்கிழமை அழுதுவடியும் குரூப்வேர் வந்துவிட்டது. ஜெமி மேஜை மேஜையாக வந்து, இவர் இல்லாவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டுப் பெயரைச் சேர்த்தாள். மக்பூல் பாய்க்கு நான், எனக்கு அவர். சைராவுக்கு வேலு, வேலுவுக்கு சைரா. கடைசியில் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு யாரு பேரப் போடறது?"

மூன்று வருஷத்தில் அவள் லீவு போட்டால் அந்த சீட்டு காலியாகத்தான் கிடந்திருக்கிறது. அவள் கேட்கும்வரை எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என் பேரப் போடும்மா" என்றேன்.

"உங்களுக்கு சர்வர் தெரியாதேண்ணா."

"மெயில் பாக்கத் தெரியும். மத்ததச் சொல்லிக் குடு."

அவள் என் பெயரைத் தப்பாக அடித்தாள். அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள்.