நடுச்சுவரில் இருந்த படம்

சீட்டில் கீழ்த்தாடையில் வலி என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு அவள் எக்ஸ்ரே அறைக்குள் வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கைப்பையை நாற்காலியில் வைக்கச் சொன்னபோது கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். எங்கள் பல் மருத்துவமனையில் இருப்பது தலையைச் சுற்றி வருகிற இயந்திரம். ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு, தாடையை ஒரு தட்டில் வைத்து, முன்பற்களால் சின்னக் குச்சி ஒன்றைக் கடித்தபடி பதினைந்து விநாடி நிற்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூட நான் "அசையாதீங்க" என்று உளறுவதாக என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இவளிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு அசையாமல் நிற்கிற ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

படம் திரையில் வந்தது. பற்களில் குறிப்பிடும்படி ஒரு கோளாறும் இல்லை. ஆனால் இடது தாடையில், காதுக்குக் கொஞ்சம் கீழே, ஓர் உலோகத் தகடும் நான்கு திருகுகளும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தன. எலும்பு உடைந்து பொருத்திய இடம். படிவத்தில் நிரப்புவதற்காகக் கேட்டேன்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"விழலைங்க." கவசத்தைக் கழற்றாமலே நின்றாள். "தாடையில வலியும் இல்ல. உங்களைத் தனியாப் பார்க்கணும்னுதான் சீட்டு வாங்கினேன். அந்தக் குடைப் படத்துல இருக்கறது நான்தான்."

முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டு மாதம் அந்த முகத்தைக் கணினியில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்திருக்கிறேன். நேரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பகுதிப் பொதுநலச் சங்கம் 'என் ஓட்டு, என் ஊர்' என்று ஒரு புகைப்படப் போட்டி வைத்திருந்தது. இந்தத் தேர்தலன்று, இந்த ஊருக்குள் எடுத்த படங்களாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. அன்று நல்ல மழை. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த நான், வீட்டுக்காரரைக் கேமராவுக்குக் குடை பிடிக்கச் சொல்லி, பள்ளிக்கூடச் சுவரோரம் நீண்ட வரிசையை எடுத்துக்கொண்டிருந்தேன். தனக்கு முன்னால் நின்ற, ஊன்றுகோல் வைத்திருந்த யாரோ ஒரு பெரியவருக்கு இவள் தன் குடையை நீட்டிப் பிடித்திருந்தாள். இவள் பாதி நனைந்திருந்தாள். நனைந்ததற்கோ வேறு எதற்கோ, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஒரே ஒரு சொடுக்குத்தான். அதற்கு முதல் பரிசு கிடைத்தது. கண்காட்சி மண்டபத்தின் நடுச்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மாட்டினார்கள். பஸ் நிறுத்தங்களில் ஒட்டிய சுவரொட்டிகளிலும் அதே படம்தான். கீழே என் பெயரும் மருத்துவமனையின் பெயரும். நாள் முழுக்கப் பல்லைப் படம் எடுக்கிறவளுக்கு, அது என்ன மாதிரியான சந்தோஷம் என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை.

"நான் சிரிச்சதே எனக்குத் தெரியாது மேடம்," என்றாள் அவள். "பஸ் ஸ்டாப்ல பார்த்ததும் பஸ் ஏறாமலே திரும்பிட்டேன். மூணு வருஷமாச்சு நான் புருஷன் வீட்டை விட்டு வந்து. லாட்ஜ் துணியெல்லாம் துவைக்கற லாண்டரியில வேலை. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஓட்டர் லிஸ்ட்ல பேரைச் சேர்க்கவே ரெண்டு வருஷம் யோசிச்சேன். பேர் வந்தா விலாசமும் வருமே. அப்புறம் தோணுச்சு, எல்லாரையும் மாதிரி நாமளும் ஒரு நாள் வரிசையில நின்னாத்தான் என்னன்னு."

"இன்னும் தேடறாரா?"

"தேடுவாரு. கோபப்பட்டுக் கத்தறவர் இல்ல. மெதுவாத்தான் பேசுவாரு. அவர்கூடப் பேசினா நீங்ககூட என்னைத்தான் தப்பாச் சொல்லுவீங்க."

வாய்க்கு வாய் 'அவர்' என்றே சொன்னாள். திரையில் அந்த நான்கு திருகுகளும் அப்படியே இருந்தன. இன்றைக்குச் சாயங்காலமே படத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். லாண்டரி எங்கே இருக்கிறது என்பதை அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு வாயால் சொன்னாள்.

சாயங்காலம் மண்டபத்துக்குப் போனேன். சங்கத்தின் செயலாளர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது படங்களையும் நூல் பிடித்து, தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டியவர். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இதில் விருப்பமில்லை என்றேன்.

"பொது இடத்துல நின்னவங்கதானேம்மா. ஓட்டுப் போடறது என்ன ஒளிஞ்சு செய்யற காரியமா? ஞாயித்துக்கிழமை பரிசு குடுக்கறப்ப நடுச்சுவர் மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டே நாள். திங்கக்கிழமை காலையில நானே கழட்டிடறேன்."

தகட்டைப் பற்றியும் திருகுகளைப் பற்றியும் சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிடமே ஏணியைக் கொண்டுவந்திருப்பார். நல்ல மனிதர். நான் சொல்லவில்லை. அது அவளுடைய ரகசியம், நாம் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே நின்று பரிசு வாங்குவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ரெண்டே நாள்தானே என்று செயலாளர் சொன்னதை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை முழுவதும் மருத்துவமனையில் கதவு திறக்கும்போதெல்லாம் அவளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் வரவில்லை. என்னை நம்பியிருந்தாள்.

ஞாயிறு காலை பத்தரைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. "எங்க அண்ணி பல்லைத் தவிர வேற எதையும் படம் பிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது," என்று நாத்தனார் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு மனிதரைக் கவனித்தேன். மற்றவர்கள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் நடுச்சுவருக்கு முன்னால் மட்டும் நின்றார். தேய்த்த சட்டை, நன்றாகச் சவரம் செய்த முகம், கையில் நான்காக மடித்த ஒரு காகிதம். அதைப் பிரித்துச் சுவரில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துச் சுவரொட்டி. மூலைகளில் கிழிந்த பசை நாடாவும் கூடவே வந்திருந்தது.

அவர் நேராக என்னிடம் வந்தார்.

"இதை எடுத்தது நீங்கதானே? ரொம்ப உயிரோட இருக்குங்க," என்றார். அவ்வளவு இதமான குரல். "இது எந்தப் பள்ளிக்கூடம்? பலகையில பாதிதான் தெரியுது."

படத்தில் 'உயர்நிலைப் பள்ளி' என்பது மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற செயலாளர் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார். "நம்ம ஊர்தான் சார். போட்டிப் படிவத்துல எல்லாம் எழுதியிருக்காங்க. இங்கிருந்து நேராப் போனா..."

"சார்," என்றேன். "அந்தப் படம் இங்க எடுத்தது இல்ல."

செயலாளர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

"எங்க சித்தி ஊர்ல எடுத்தது. மலைமேல. பரிசு கிடைக்கணும்னு பொய்யா எழுதிட்டேன்."

"என்ன சொல்ற நீ, அன்னிக்கு நான்தானே..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தினேன். பதினான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர். என் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். என் நாத்தனார் தலையைக் குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். செயலாளர் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார், படத்தைக் கழற்றினார், முகம் சுவரைப் பார்க்கும்படி கீழே சாய்த்து வைத்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அந்த மனிதர் மட்டும் பதறவில்லை. "எனக்கு ஒண்ணும் வருத்தமில்லைங்க. படம் நல்ல படம்தான்," என்றார். "சொந்தக்காரப் பொண்ணு மாதிரி இருந்துது, அதான் கேட்டேன். எப்ப எடுத்தீங்க?"

"போன எலக்‌ஷன் அப்ப," என்றேன்.

"அதாவது, அஞ்சு வருஷம் முன்னாடி."

"ஆமா."

அவர் சிரித்தார். கனிவான சிரிப்பு. சுவரொட்டியை அதே மடிப்புகளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சித்தி ஊருக்கு எந்த பஸ் என்று கேட்பார் என்று எதிர்பார்த்துப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஏன் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தபோது படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்திருந்தது. அவள் வீட்டை விட்டு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு அவள் அவரோடுதான் இருந்தாள். நான் சொல்வது பொய் என்று அந்த மண்டபத்தில் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்காவது தெரியும் என்றால், அது அவருக்குத்தான். அவள் இந்த ஊரில்தான் இருக்கிறாள் என்பதையும், அவளுக்காகப் பொய் சொல்ல இங்கே ஓர் ஆள் இருக்கிறது என்பதையும் நானே அவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் லாண்டரிக்குக் கொண்டுபோய் விட்டார். போகும் வழியில் பாதிக் கதையைத்தான் சொல்ல முடிந்தது. யாராவது பின்னால் வருகிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் வண்டி ஆடியது. நேர்வழியில் போகாமல் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னேன். தெருமுனையிலேயே நிற்கிறேன், நீ போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார்.

லாண்டரியில் அவள் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு விடுமுறை, லாட்ஜ்காரர்களுக்கு ஏது விடுமுறை. உலர்த்தும் இயந்திரங்களின் சூட்டில் அறை கொதித்தது. வெள்ளிக்கிழமை நான் செய்யாமல் விட்டதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை.

"தேய்ச்ச சட்டையா?"

"ஆமா."

"அஞ்சு வருஷம்னா சொன்னீங்க?"

தலையாட்டினேன். சுவரில் சாய்ந்துகொண்டாள். கை தானாகப் போய் இடது தாடையைத் தொட்டது. "அப்பதான் இது நடந்துது," என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, நாளைக்குப் போலீஸுக்கு நானும் வருகிறேன், எக்ஸ்ரேவை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன். அவள் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து விரிப்புகளை எடுத்து மேஜையில் போட்டாள்.

"இன்னொரு ஊர் தேடிப் போக எனக்குத் தெம்பில்லக்கா," என்றாள் கடைசியில். மேடம் என்பது போய்விட்டிருந்தது. "வரேன். இந்த நாலு பெட்ஷீட் மட்டும் மடிக்கணும். பன்னெண்டு மணிக்கு லாட்ஜ் வண்டி வந்துடும். பாதியில விட்டுட்டுப் போனா வேலை போயிடும். ஒரு முனையைப் பிடிங்களேன்."

பிடித்தேன். சூடு ஆறாத பெரிய வெள்ளை விரிப்பு. அவள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். உதறி, இழுத்து, நடந்து போய் முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்னால் நகர்ந்து இழுக்க வேண்டும். அவள் கை பழகிய கை. நான் தடுமாறியபோது கண்ணாலேயே சொல்லிக் கொடுத்தாள். முதல் இரண்டும் முடிந்தன. மூன்றாவதை உதறி இழுத்துப் பிடித்தபோது தெருப்பக்கத்துக் கதவின் மங்கலான கண்ணாடியில் ஒரு நிழல் வந்து நின்றது. ஆள் உயரம். தட்டவில்லை. நகரவும் இல்லை. என் வீட்டுக்காரராக இருந்தால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. அவள் கதவைப் பார்க்கவில்லை, என் முகம் மாறியதைத்தான் பார்த்தாள். இயந்திரம் ஒன்று சுற்றி ஓய்ந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விறைப்பாக நின்றது. முனைகளைச் சேர்க்க யார் முதல் அடி எடுத்து வைப்பது என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றோம்.