முப்பத்தைந்து அங்குல டயர்

நவம்பர் பிறந்ததிலிருந்து காசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிகாமட்டுக்கு அப்பால் ஒரு செம்பனை ஆலையில் லோரிகளை எடை போட்டு அனுப்பும் வேலை அவனுக்கு. ஒவ்வொரு லோரி தராசில் ஏறும்போதும் கைப்பேசியில் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்ப்பான். ஏறியிருக்காது. அடுத்த லோரிக்கு மறுபடியும் பார்ப்பான்.

அவன் மனைவி நாகம்மைக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி சிகாமட் டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். ஆலைக் குடியிருப்பிலிருந்து பெரிய சாலைக்குப் பதினொரு கிலோமீட்டர் செம்மண் பாதை. நடுவே ஓடையின் மேல் ஒரு தாழ்ந்த பாலம். போன டிசம்பரில் அந்த மண்ணில் அவர்களுடைய சின்னக் கார் புதைந்து நின்றுவிட்டது. ஒரு முறை சிகிச்சை தவறியது. அடுத்த முறைக்குள் பாலமும் மூழ்கியது. நாகம்மையால் படுக்க முடியவில்லை. கட்டிலில் குனிந்து உட்கார்ந்தபடி இரவு முழுக்க மூச்சுக்குத் திணறினாள். விடிந்த பிறகுதான் தீயணைப்புப் படகு வந்தது. "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா காப்பாத்தியிருக்க முடியாது" என்று டாக்டர் அவனிடம் தனியாகச் சொன்னார். அதை அவன் நாகம்மையிடம் சொல்லவே இல்லை.

ஆகஸ்டில் ஒரு பழைய ஹைலக்ஸ் வாங்கினான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. டயர்கள்தான் தேய்ந்து வழவழவென்று இருந்தன. எந்த அளவு போடுவது என்று மூன்று மாதம் யோசித்தான். கைப்பேசியில் சேற்றைக் கிழித்துப் போகும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் முப்பத்தைந்து அங்குலம் என்று முடிவுசெய்தான்.

ஆலை லோரிகளுக்கு வழக்கமாக டயர் மாற்றும் கடை யோங் பெங்கில் இருந்தது. லியாக்கத் அலியின் கடை. இப்போது அவர் மகள் ஆப்ரின்தான் பார்த்துக்கொள்கிறாள். இருபத்தெட்டு வயதிருக்கும்.

"முப்பத்தஞ்சு போடணும்மா" என்றான் காசி.

"எதுக்குண்ணே? காட்டு ரேஸுக்கா?"

"வெள்ளத்துல போகணும்."

"எவ்வளவு தண்ணி?"

காசி முழங்காலுக்கு மேல் தொட்டுக் காட்டினான். ஆப்ரின் உள்ளே போய் ஒரு பெரிய டயரை உருட்டிவந்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இப்ப இருக்கிறது முப்பதரை. இது நாலரை அங்குலம் பெருசு. ஆனா அதுல பாதிதான் வண்டியைத் தூக்கும், ரெண்டேகால் அங்குலம். மீதிப் பாதி மேல போய் மட்கார்டுல இடிக்கும். ஸ்டியரிங்க முழுசாத் திருப்பினா உரசும். பிரேக்கும் லேட்டாப் பிடிக்கும். ரெண்டேகால் அங்குலத்துக்கு இவ்வளவு தேவையாண்ணே?"

"அப்ப என்னதான் போடச் சொல்ற?"

"முப்பத்தொன்றரை. அகலம் இதே அகலம்தான், வெட்டு ஆழமா இருக்கிற மண் டயர். சேறு வந்தா காத்தைக் கொஞ்சம் இறக்கிக்குங்க, நல்லாப் பிடிக்கும். தண்ணி நீங்க சொல்ற அளவு ஓடுச்சுன்னா எந்த டயரும் உதவாது. போகாதீங்க."

"போகாதீங்கன்னு நீ ஈசியாச் சொல்லிடுவ லா. உள்ள மாட்டிக்கிட்டு இருக்கறது என் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டுக் காசி வண்டியை எடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூடாய் வரைக்கும் போனான். பல்கலைக்கழகப் பையன்கள் வண்டிகளை உயர்த்திக் கட்டும் கடை ஒன்று அங்கே இருந்தது. யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பிரிங்கை உயர்த்தி, மட்கார்டை வெட்டி, முப்பத்தைந்தைப் பொருத்திக் கொடுத்தார்கள். வெட்டும்போது பொறி பறந்தது. காசி நாற்காலியில் உட்கார்வதும் எழுந்து நடப்பதுமாக மூன்று கிளாஸ் தே தாரேக் டீ குடித்தான். திரும்பும் வழியில், யோங் பெங் டோல் சாவடியில் பிரேக் அடித்தபோது வண்டி அவன் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. முன்னால் இருந்த காருக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. போகப் போகப் பழகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு காலை அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். "அலமாக், கப்பல் மாதிரி இருக்கு லா!" என்றார் பக்கத்து வீட்டுச் செல்லப்பன்.

நாகம்மை கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். வண்டியை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இதுல நான் எப்படிங்க ஏறுறது?"

காசி சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தான். நாகம்மை அதில் ஏறி, ஒரு காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்தாள். வருடக்கணக்கான நோயில் அவள் தொடைகளில் வலுவே இல்லை. முக்காலி சாய்ந்தது. விழாமலிருக்க உள்ளே இருந்த கைப்பிடியை இடது கையால் பற்றினாள். உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் தொங்கியது.

"அம்மா!" என்றாள்.

அந்தக் கையில்தான் ரத்தக் குழாய்களை இணைத்து, ஊசி குத்துவதற்கு வழி செய்திருந்தார்கள். அந்தக் கையால் மளிகைப் பையைக்கூட அவள் தூக்கக் கூடாது. தொட்டால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு எப்போதும் தெரியும். காசி இப்போது விரலை வைத்துப் பார்த்தான். அதிர்வது அவள் கையா, தன் விரலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

செல்லப்பனின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், வீக்கம்தான், அடைப்பு இல்லை என்றார். அடைத்திருந்தால் கழுத்தில் குழாய் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நாகம்மை கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காசி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"ரோட்டை அளந்தீங்க, தண்ணியை அளந்தீங்க" என்றாள் அவள். "ஏறப் போறது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லங்க."

அவன் நின்றான். டாக்டர் போன வருடம் சொன்னதைச் சொல்லிவிட்டான்.

"ரெண்டு மணி நேரம், அதானே?" என்றாள் நாகம்மை. "நர்ஸ் அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"நீ ஒண்ணுமே சொல்லலையே!"

"நீங்களும்தான் சொல்லல. தண்ணியில எப்படிப் போறதுன்னே யோசிக்கிறீங்க. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே கிளம்பினா என்ன?" என்றாள்.

மூன்று மாதத்தில் அப்படி ஒரு தடவைகூட அவன் யோசித்திருக்கவில்லை.

கை வீக்கம் வடிந்ததும் இருவரும் யோங் பெங் போனார்கள், காசி ஹைலக்ஸிலும் நாகம்மை செல்லப்பனின் காரிலும். ஆப்ரின் வெட்டுப்பட்ட மட்கார்டைப் பார்த்தாள். பிறகு நாகம்மையிடம் திரும்பி, "அக்கா, எவ்வளவு உசரம் கால் தூக்க முடியுது?" என்று கேட்டாள். நாகம்மை தூக்கிக் காட்டிய இடத்தைத் தரையிலிருந்து நாடாவால் அளந்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஸ்பிரிங்கைப் பழையபடி இறக்கி, முப்பத்தொன்றரை அங்குல மண் டயர்களைப் பொருத்தி, கதவுக்குக் கீழே அந்தக் கோட்டு உயரத்துக்கு ஒரு படியும் வைத்துக் கொடுத்தாள்.

"முன் சீட்டு வேணாங்கா. அங்க கைப்பிடி இடது கைக்கு வரும். டிரைவருக்குப் பின்னால உக்காருங்க, அந்தப் பக்கம் வலது கையால பிடிக்கலாம்."

நாகம்மை ஏறினாள். இறங்கினாள். யாரும் சொல்லாமலே இன்னும் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். மூன்றாம் தடவை உள்ளே உட்கார்ந்து கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மதியம் அவள் ஆலைக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேணாங்க. பை கட்டிட்டேன். இப்பவே வாங்க."

நீர்மட்டம் எச்சரிக்கை அளவைத் தொட்டிருக்கவில்லை. காசி மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், நாகம்மையை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

செம்மண் பாதை கூழாகிக் கிடந்தது. காசி இறங்கி நான்கு டயரிலும் காற்றை இறக்கினான். பாலத்தின்மேல் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. ஓரத்து வெள்ளைக் கற்கள் எல்லாம் தெரிந்தன. குடையைக்கூட எடுக்காமல் மறுகோடி வரைக்கும் நடந்து பார்த்தான். எங்கும் கணுக்காலைத் தாண்டவில்லை. திரும்பி வந்து, "போகட்டுமா?" என்று அவளைக் கேட்டான்.

"மெதுவா போங்க."

பாலத்தைத் தாண்டியபின் ஏற்றத்தில் வண்டி சறுக்கியது. பின்பக்கம் கால்வாயை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. காசி ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பினான். எதிலும் உரசாமல் சக்கரங்கள் முழுசாகத் திரும்பின. ஒரு நொடி வெறும் சேறு பறந்தது. பிறகு டயர் மண்ணைக் கவ்வியது. வண்டி நேராகி மேலே ஏறியது. பெரிய சாலையின் தார் சக்கரத்தில் பட்டபிறகுதான் அவன் மூச்சு விட்டான். பின்னால் நாகம்மை, "ஓரமா நிறுத்திக் காத்தை அடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

சிகாமட் டவுனில், மேட்டுப் பகுதியிலிருந்த அவள் சித்தி மகள் லோஷினியின் வீட்டில் தங்கினார்கள். மாலை ஆறு மணிக்குச் செல்லப்பன் படம் அனுப்பினார். பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

புதன்கிழமை சிகிச்சை நேரத்துக்கு நடந்தது. வெள்ளிக்கிழமையும் நடந்தது. வெள்ளியன்று காசி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜனவரியிலயும் மழை இருக்காம்" என்றான்.

"இருக்கட்டும். ஜனவரியிலயும் ஒரு நாள் முன்னாடியே வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு நாகம்மை கண்ணை மூடிக்கொண்டாள்.