பைன் மரத்தடிக் கல்

பூங்கா திறக்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. முதலாளி கனகராஜ் நான் எழுதிய செடிப் பலகைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"கமேலியாவா? எவனுக்குப் புரியும்? ராணிப்பூனு போடு."

போட்டேன். வேலியோரத் தேயிலைக்குப் பலகையே வேண்டாம் என்றார். அது கூலிக்காரச் செடியாம். இரண்டும் ஒரே பேரினம். நான் சொல்லவில்லை. எதிர்த்துப் பேச எனக்கு வராது.

வெள்ளைக்காரத் துரை குடும்பம் இரண்டு தலைமுறை வாழ்ந்த பங்களாவின் தோட்டம்தான் அந்தப் பூங்கா. துரை எழுபத்தாறாம் வருடம் சீமைக்குத் திரும்பியதும், பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோசு வியாபாரம் செய்த கனகராஜ் வாங்கினார். ரோஜாப் பாத்திகளை மூடி ஊஞ்சல் போட்டார். சிமெண்டுக் கொக்குகளை நிறுத்தி, மூக்குக்குச் சிவப்பு அடித்தார். தாவரவியல் படித்துவிட்டு, தேயிலைக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் சும்மா இருந்த என்னைப் பெயர் எழுத வைத்தார்.

பைன் மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். வாங்கிய வாரமே அதன் மேல் கரி படிந்திருப்பதைப் பார்த்தவர், சூடம் ஏற்றிய இடமென்று செருப்பைக் கழற்றிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அதை முனியாண்டி என்று சொல்லி, மஞ்சள் துணி சுற்றி, பக்கத்தில் சூலம் நட்டு, தேங்காய் உடைத்தார். லயமே வேலியோரம் நின்று பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம். அன்று முதல் லயத்தில் அவருக்குப் பெயர் 'பூசாரி'.

பக்கிரிசாமி மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். லயத்து முனியாண்டி கோயிலில் பூசை செய்பவர்.

"மொதலாளி, கோயில்கிட்ட புல்டோசர் வந்து நிக்குதுங்க!"

"நான்தான் வரச் சொன்னேன். கார் நிறுத்த எடம் வேணாமா?"

"நாப்பது வருசமா கும்பிடுற சாமிங்க. எங்கப்பன் நட்ட கல்லு."

"அட போய்யா. அதே முனியாண்டிதான இங்கயும் இருக்காரு? பளிங்கு போட்டு வச்சிருக்கேன்லா! இங்க வந்து கும்பிடு. ஒங்க ஆளுங்களுக்கு டிக்கெட்டுகூட வேணாம்."

மாமா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். லயம் நிற்பதும் கனகராஜின் நிலத்தில்தான். மூன்று வருடமாக அவர் பூசையை வேடிக்கை பார்த்துவிட்டு இப்போது என்னவென்று சொல்வது? கீழே இயந்திரம் உறுமத் தொடங்கியது.

கனகராஜ் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. இந்த ஆளுக்கு எடுத்துச் சொல்லும்மா. ரெண்டும் ஒரே சாமிதான?"

அவர் நெற்றியில் காலையில் பைன் மரத்தடிக் கல்லிலிருந்து எடுத்துப் பூசிய திருநீறு. பட்டையாக, மூன்று விரல் அழுந்த.

"இல்லீங்க மொதலாளி."

"என்னா இல்ல?"

"அது சூடம் ஏத்துன கரி இல்லீங்க. மெழுகுவத்திக் கரி. துரைசானி வருசா வருசம் கொளுத்தி வச்சு அழுவாங்க." என் குரல் எனக்கே கேட்டது. "எங்கப்பாதான் குழி வெட்டுனாரு. நீங்க கும்பிடுற எடத்துல பொதைச்சிருக்கறது அவங்க நாய்."