ரீஸ்டார்ட் பண்ணாதே

மதியச் சாப்பாடு முடிந்தால் போதும், எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர் முரண்டு பிடிக்கும். டாக்டர்களுக்கு ரிப்போர்ட் அனுப்பும் சர்வீஸ் ப்ரோகிராம் அப்படியே நின்றுவிடும். மேனேஜருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: ரீஸ்டார்ட். சர்வர் எழுந்து உட்கார்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும். ஏன் நின்றது என்ற தடயமும் அதோடு போய்விடும். பழி மட்டும், அந்த சர்வீஸை எழுதிய சின்னவள் தலையில் விழும். கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். என்னைவிட இளையவள் என்பதால் அவள் சின்னவள்.

இன்று காலை எல்லார் முன்னாலும் மேனேஜர் சொன்னார்: "இன்னிக்கும் நின்னுச்சுன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் நின்றது. அவள் ரீஸ்டார்ட் போடப் போனாள்.

"கையை எடுடி. இன்னிக்கு யாரும் ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றேன்.

அவள் ப்ரோகிராமின் ப்ராசஸ்கள், அதாவது சர்வரில் ஓடும் வேலைகள், சிக்கிக் கிடந்தன. ஒன்றை கில் பண்ணி நிறுத்தப் பார்த்தேன். எவ்வளவு கடுமையான கட்டளைக்கும் அது அசையவில்லை. பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேராக 'டி' என்று ஒரே எழுத்து. டிஸ்க்கிலிருந்து பதில் வரக் காத்திருக்கிறது, வரும்வரை சாகவும் சாகாது என்று அர்த்தம்.

"அக்கா, அப்போ என் ப்ரோகிராம்?"

"அது ஒழுங்காத்தான் காத்துக்கிட்டிருக்கு. பதில் சொல்ல வேண்டிய ஆளைத்தான் காணோம்."

ரிப்போர்ட்கள் நெட்வொர்க் வழியாகத் தனி ஸ்டோரேஜ் பெட்டியின் டிஸ்க்கில் போய்ச் சேரும். பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பிங் பண்ணிப் பார்த்தேன், மூச்சுப் பேச்சில்லை. பெட்டி இருப்பது ஏசி நன்றாக ஓடும் ஒரே அறையில், அதாவது மேனேஜர் அறையில்.

கதவைத் தள்ளினோம். நாற்காலியைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"சார், இதை யார் ஆஃப் பண்ணினது?"

"நான்தான்" என்றார், கண்ணைக் கசக்கியபடி. "கொஞ்சம் கண் அசரலாம்னா ஙொய்ங்னு கத்திக்கிட்டே இருக்கு. எழுந்ததும் போட்டுடுவேனே. தினமும் அப்படித்தான்."

தினமும்! இந்த மனிதரின் குட்டித் தூக்கத்துக்காக ஒருத்தி தினமும் திட்டு வாங்கியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் சுவிட்சை அழுத்திய அழுத்தில் அது உடையாததே அதிசயம். கொஞ்ச நேரத்தில் நின்றிருந்த ப்ராசஸ்கள் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கின.

மேனேஜர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "சரிம்மா, நீ நாளைக்கு வழக்கம்போல வா. சின்ன விஷயம், வெளியே சொல்லிப் பெருசு பண்ணாதீங்க."

சின்னவள் கேட்டாள்: "சின்ன விஷயத்துக்கா சார் என்னை வேலையை விட்டுத் தூக்க இருந்தீங்க? காலையில எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. வாங்க."

கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மேஜைக்கடியில் காலால் ஷூவைத் தேடினார்.