அக்கரைக்காரி

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகளின் போன் அதிர்ந்தது. ஆய்வுக்கூடத்துத் தோழி. பஞ்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடினாள்.

"அக்கரைக்காரி ரிசல்ட் வந்துடுச்சுடி. ஆனா..."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அக்கரைக்காரி என்பது அப்பா வைத்த பெயர். இளவயதில் ஒரு தீவில் அகழாய்வு செய்தபோது அவர் கண்டெடுத்த எலும்புக்கூடு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோணியேறிக் கடலைக் கடந்து வந்தவள் அவள் என்று அப்பா அடித்துச் சொன்னார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் விடாக்கண்டனாக இருந்தார். எலும்புக்குள் மிஞ்சிய டிஎன்ஏவைப் படித்தால் அவள் எந்தக் கரைச் சனம் என்று தெரிந்துவிடும். அந்த வேலை இப்போது மகளிடமே வந்திருந்தது. காலையிலிருந்து கண் விழிக்கும்போதெல்லாம் அப்பா கேட்டது ஒன்றுதான்: "வந்துச்சா?" இன்றைய நாளைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அது பழைய டிஎன்ஏவே இல்லடி. இந்தக் காலத்து ஆம்பளையோடது. யாரு கை பட்டுச்சோன்னு நம்ம லேப் ஆளுங்க எல்லாரோட டிஎன்ஏவோடயும் ஒத்துப் பாத்தேன். உன்னோட சரிபாதி பொருந்துது."

சரிபாதி என்றால் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் உள்ள பொருத்தம். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. குழியில் கிடைத்தது கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கால அகழாய்வுக்காரர்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். எலும்பென்றால் ஒட்டிக்கொள்ளும்; எச்சிலும் அதில் ஏறிவிடும். பாவி மனுஷா, இப்படிப் பண்ணிட்டீங்களே என்று நினைத்தாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பல்லு ஒண்ணு இருக்கு, அதைத் துளைச்சுப் பாக்கலாம். கொஞ்ச நாளாகும்."

அந்த நாள்தான் அப்பாவிடம் இல்லை. உள்ளே போனபோது அவர் விழித்திருந்தார்.

"வந்துச்சா?"

அப்பாவிடம் பொய் சொல்லி அவள் தப்பித்ததே கிடையாது. பஞ்சை அம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வந்துடுச்சுப்பா. நீங்க சொன்னதுதான். கடல் தாண்டித்தான் வந்திருக்கா."

அப்பாவின் முகம் மலரவில்லை. "பழசுதானா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

"நாக்குல வச்சேம்மா அதை." அவருக்கு மூச்சு வாங்கியது. "நானே கெடுத்துத் தொலைச்சிட்டேனோன்னு... நீ எடுத்து ஆராயப்போறேன்னு சொன்னதுலேர்ந்து அதே பயம்."

ஜெயித்தோமா என்று கேட்கிறார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணும் கெடலப்பா. சுத்தமா இருந்துச்சு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம், அம்மா முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. நர்ஸ் வந்து குழாய்களைக் கழற்றினாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். மகளுக்கு அழுகை வரவில்லை. பொய் சொன்னது சரியா என்பதே நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் போன். தோழிக்கு விஷயம் தெரியாது.

"சோதனைக்குத் துளைச்செடுத்த அந்த எலும்புத் தூளைக் கொட்டிடவா? கெட்டுப்போனா கொட்டிடறதுதானே வழக்கம்."

"கொட்டாத."

"எதுக்குடி? அதுல அக்கரைக்காரி துளிகூட இல்ல."

"தெரியும். யாரு இருக்கார்னும் தெரியும். பத்திரமா எடுத்து வை."

போனை வைத்ததும் அம்மா நிமிர்ந்தாள். "எதைக் கொட்ட வேணாங்கற?"

மகள் கட்டிலோரம் போய், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் பாதங்களை மூடினாள்.