சுவிச் இல்லாத விளக்கு

கவிழ்த்து வைத்த வாளியின் மேல் ஏறி நின்று, மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, பக்கத்து வீட்டுக்காரரை அண்ணன் முறை சொல்லிப் புஷ்பவதி அடிக்குரலில் கூப்பிட்டாள்.

"நானா! ஜவாஹிர் நானா!"

விடியற்காலையிலிருந்து சுற்றிவளைப்பு. ஒழுங்கையின் இரண்டு முனையிலும் படையினர் நின்றார்கள்; ஒருவரும் வளவை விட்டு இறங்கக் கூடாது. உள்ளே அறையில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் முதல்நாளே சொல்லிவிட்டார். அவள் இப்போது தேடியது டொக்டரை அல்ல. பொழுது சாய்கிறது. அப்பாவின் கட்டிலுக்கு மேலே விளக்கு எரிய வேண்டும்.

ஜவாஹிரின் மனைவி றம்லா முக்காட்டை இழுத்துவிட்டபடி அந்தப் பக்கமாக ஓடி வந்தாள்.

"அவரு இல்ல, புஸ்பம். ஆம்புளையள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்குக் கொண்டு போயிட்டாங்க. என்ன, ஐயாவுக்கு இழுப்புக் கூடிட்டா?"

"ஓம் அக்கா. கண்ணைத் திறந்து திறந்து பல்பையே பாக்கிறார்."

றம்லாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த விளக்குக்குச் சுவரில் சுவிச் கிடையாது. அப்பா இராசையா பாரிசவாதத்தில் விழுந்தபோது, கொழும்பில் கணினி வேலை பார்த்த தம்பி யோகலிங்கம் லீவில் வந்தான். சோப்புக்கட்டி அளவில் ஒரு சின்னக் கணினிப் பலகையை அலுமாரிக்கு மேல் வைத்து, விளக்கின் வயரை அதோடு தொடுத்தான். பக்கத்து வளவில் ஜவாஹிரின் கொமினிகேஷன் கடையிலிருந்து இன்டர்நெட் வயர் ஒன்றை மதிலுக்கு மேலால் இழுத்துக்கொண்டான். பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தபடி ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, அதிலிருக்கும் மஞ்சள் பல்புப் படத்தை மவுஸால் அமத்துவான். திருகோணமலையில் அப்பாவின் தலைமாட்டில் விளக்கு எரியும். மறுபடி அமத்தினால் நூர்ந்து அணையும்.

"சுவிச் எங்க எண்டு ஆரும் கேட்டால் என்னடா சொல்லுறது?" என்று இராசையா கோணிய வாயால் கேட்டார்.

"வெள்ளவத்தையில கிடக்கு எண்டு சொல்லுங்கோ, அப்பா."

அதன் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வெள்ளவத்தையில்தான், சித்திரை கழிந்த ஒரு நாள், சாப்பாடு எடுக்கப் போன யோகலிங்கம் லொட்ஜுக்குத் திரும்பி வரவில்லை. ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் வண்டி ஒன்றைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரே தான் ஒன்றையும் காணவில்லை என்றார். புஷ்பவதி பொலிசுக்கும் முகாம்களுக்கும் நடந்தாள். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஃபோன் லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு, அன்று பொழுதுபட ஜவாஹிரின் கடைக்குப் போய் அந்த மஞ்சள் படத்தைத் தானே அமத்தினாள். மகன் இருக்கிறான் என்ற நினைப்போடு அப்பா கண் மூடட்டும். அதைத்தான் அவள் கோயிலில் கோணேசரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு ஜவாஹிர் கணினிக் கதிரையில் இருப்பவரை எழுப்பி அவளுக்கு இடம் தருவார். ஏன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. கடை பூட்டும்போது விளக்கை நூர்ப்பதும் அவர்தான்.

"அக்கா, இண்டைக்கு நீங்கள்தான் அமத்தவேணும்."

"நானோ? அல்லாஹ்வே! தூசி தட்டத்தான் நான் அந்தச் சாமானத் தொட்டிருக்கன்."

"பக்கம் திறந்தபடிதான் இருக்கும். பல்புப் படத்துக்கு மேல அம்புக்குறியைக் கொண்டுபோய் மவுஸை அமத்துங்கோ. ஒருக்காத்தான்."

"வெடிக்காதே?"

"வெடிக்காது அக்கா. ஓடுங்கோ."

புஷ்பவதி உள்ளே வந்து அப்பாவின் உதட்டைக் கரண்டித் தண்ணீரால் நனைத்தாள். இராசையா துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகு ஓட்டியவர். கடல் கறுத்துக் கிடக்கும் இரவுகளில், மிதவை விளக்குகள் விட்டுவிட்டு எரிகிற விதத்தை வைத்தே தான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுவார். இப்போது அந்தக் கண்கள் ஒரேயொரு பல்பில் நின்றன.

விளக்கு எரிந்தது.

அவள் மூச்சு விடுவதற்குள் நூர்ந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாள். விளக்கு மறுபடி எரிந்து, அப்படியே நின்றது.

அப்பாவின் வாய் ஒருபக்கமாக இழுபட்டது. அது சிரிப்பு என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது.

"தம்பி," என்றார்.

"ஓம் அப்பா. தம்பிதான்."

"எரிச்சு... ஒருக்கா நூத்து... திரும்ப எரிப்பான். எனக்கெண்டு, மிதவை மாதிரி." மூச்சு வாங்கியது. "இவ்வளவு நாளும் எரிச்சது நீதானே, புள்ளை."

தம்பி விளக்கு ஏற்றிய நாட்களில் அவள் குசினியில் சமையலோடு நிற்பாள். வந்து பார்க்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது எப்படி எரியத் தொடங்கும் என்று அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"ஏன் அப்பா கேக்கேல்லை?"

"நீ... களைச்சுப்போய் வருவாய்."

கரண்டியில் இருந்த தண்ணீரை மறுபடி உதட்டில் வைத்தாள். அது உள்ளே இறங்கவில்லை, கடைவாயால் வழிந்தது. கண்கள் விளக்கிலேயே நின்றன. புஷ்பவதி சேலைத் தலைப்பால் அவர் தாடையைத் துடைத்துவிட்டு, கண்களை மெல்ல மூடினாள்.

மறுநாள் பகல் சுற்றிவளைப்பு எடுபட்டு, கொண்டுபோன ஆண்களை விட்டார்கள். ஜவாஹிர் முகம் கழுவாமலே வந்து பந்தல்காரரோடு நின்றார். "தம்பிக்கு அறிவிச்சாச்சே?" என்று வெகுகாலத்துக்குப் பின் வெளியூரிலிருந்து வந்த அப்பாவின் தங்கை கனகம்மா இரண்டு தரம் கேட்டாள். புஷ்பவதி முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டு மூன்றாந்தரம் கேட்கவில்லை. பெரியப்பாவின் மகன் கொள்ளிச்சட்டி ஏந்தினான். பெண்கள் வாசல் படலையோடு நின்று அழுதுவிட்டு, வீடு கழுவத் திரும்பினார்கள்.

பின்வாசலால் றம்லா பிளேன்டீப் போத்தலோடு வந்தாள். ஒரு கோப்பையில் ஊற்றிப் புஷ்பவதியின் கையில் வைத்தவள் அங்கேயே நின்றாள்.

"என்ன அக்கா?"

"நேத்து நான் பிழையா அமத்திட்டன், புஸ்பம். பயத்தில வெரல் நடுங்கி மூணு தரம் பட்டிட்டு. எரிஞ்சு நூந்து எரிஞ்சிருக்கும். ஐயா பயந்துபோனாரோ எண்டு ராவெல்லாம் எனக்கு நித்திரை இல்ல."

புஷ்பவதி அவளுடைய விரல்களைப் பார்த்தாள். மஞ்சள் கறை படிந்து, வெங்காயம் அரிந்த கீறல்களோடு இருந்தன.

"இல்லை அக்கா. அப்பா சிரிச்சவர்."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

றம்லா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். "அவரு வந்து, நூர்க்கட்டோ எண்டு கேட்டாரு. நான்தான் கெடக்கட்டும் எண்டன்."

அறைக்குள் தண்ணீர் ஊற்றித் தும்புக்கட்டையால் தள்ளும் சத்தம் கேட்டது. சத்தம் நின்று, கனகம்மாவின் குரல் வந்தது.

"புள்ளை, பட்டப்பகலில இது எரியுது. இதுக்கு எங்க சுவிச்?"

புஷ்பவதி தேநீர்க் கோப்பையோடு அறை வாசலில் போய் நின்றாள். கனகம்மா ஈரக் கையால் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியட்டும் மாமி," என்றாள்.

கட்டில் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. கழுவிவிட்ட ஈரத் தரையிலும் ஒரு விளக்கு எரிந்தது.